ட்ரிப் ஆகுதா..? சந்தோஷப்படுங்க பாஸ்!

ஊர்ல உங்க வீட்டுல புது வீடு கட்டிட்டிருக்காங்களா? அப்படின்னா ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல என்ன ஓடிட்டிருக்கும்னு நானே சொல்லிடறேன். ஹால் டைல்ஸ் ஐவரியா, கிரேயானு பத்து நாள் பட்டிமன்றம். வாசக்கதவு தேக்கா, வேங்கையா... பூஜை ரூம் ஈசான்ய மூலையில வருதா... கேட் டிசைனுக்காக சித்தப்பா அனுப்பின நாப்பது போட்டோ... சரி, வயரிங்? ‘எலெக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்துப்பாரு!’ ஒரே வரியில முடிஞ்சது மேட்டர்.

டைல்ஸ் பிடிக்கலைன்னா மேலே கார்பெட் விரிச்சுக்கலாம். பெயின்ட் அடுத்த பொங்கலுக்கு மாத்திக்கலாம். ஆனா, சுவருக்குள்ளே பதிச்ச பைப்புல போற வயர் இருக்கே... உங்களுக்குக் கல்யாணமாகி, உங்க குழந்தை காலேஜ் போற வரைக்கும் அதேதான். பூச்சு வேலைக்கு முன்னாடி ஒரு வாரம், பத்து நாள் கிடைக்கும். அந்த கேப்ல ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு நீங்க உட்கார்ந்தா, அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய கிஃப்ட் கிடையாது. இதுக்கு ட்ரிபிள்-இ படிச்சிருக்கணும்னு அவசியமே இல்லை. பி.காம், விஸ்காம், தமிழ் இலக்கியம்... எதுவா இருந்தாலும் ஓகே. பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும். முதல் வருஷ ‘பேசிக் எலெக்ட்ரிக்கல்’ல அரியர் வெச்சிருக்கிற இன்ஜினீயரிங் மக்களே... உங்களையும் சேர்த்துத்தான்!

காவல்காரன் யாருக்கு?

முதல்ல ஒரு குட்டி க்விஸ். டி.பி. பாக்ஸ்ல வரிசையா தலையைத் தூக்கிட்டு நிக்குதே எம்.சி.பி... நம்ம ஊர் பாஷையில ‘ட்ரிப்பர்’... அது யாரைக் காப்பாத்துறதுக்கு இருக்கு? டி.வி-யையா, ஃப்ரிட்ஜையா, உங்களையா?

மூணுமே தப்பு. அது காப்பாத்துறது வயரை. சுவருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாம, பிளாஸ்டிக் பைப்புல படுத்திருக்கிற செம்பு வயரை. அந்த வயர் தாங்குற கரன்ட்டைவிட அதிகமா ஓடினா கட் பண்ணிவிடறது மட்டும்தான் அதோட வேலை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல ஃபெவிகால் போட்டு ஒட்டிக்கோங்க. மத்ததெல்லாம் தானா புரியும்.

இது தெரியாததால என்ன நடக்குதுனு பாருங்க. கிச்சன்ல புதுசா இண்டக்‌ஷன் ஸ்டவ் வந்திருக்கும். அது ஓடிட்டிருக்கும்போதே அம்மா மிக்ஸி போடுவாங்க, அப்பா டீக்கு கெட்டில் போடுவாரு. கொஞ்ச நேரத்துல ‘டக்’! ட்ரிப் ஆயிடும். தூக்கிவிட்டா மறுபடியும் ‘டக்’. யாரையாவது கூப்பிடுவாங்க. வர்றவர் பார்த்துட்டு, “ட்ரிப்பர் வீக்கா இருக்கும்மா, 16 ஆம்ப்ஸ்தான் போட்டிருக்கு. 32 போட்டுட்டா தொல்லை இருக்காது”னு மாத்திட்டுப் போயிடுவார். உண்மையிலேயே தொல்லை இருக்காது. ட்ரிப்பே ஆகாது. எல்லாருக்கும் ஹேப்பி!

சுவருக்குள்ளே இருக்கிற வயர் மட்டும் அதே 2.5 ஸ்கொயர்தான். அதை யாரும் மாத்தலை.

இப்போ கணக்குக்கு வருவோம். கரன்ட் ஓடுற எந்தக் கம்பியும் சூடாகும். அந்தச் சூடு கரன்ட்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். கரன்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு! 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயருக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0075 ஓம் ரெசிஸ்டன்ஸ். டி.பி-யில இருந்து கிச்சன் 10 மீட்டர்னு வெச்சுக்கோங்க. போக ஒண்ணு, வர ஒண்ணு, ஆக 20 மீட்டர்... 0.15 ஓம். 16 ஆம்பியர் ஓடினா அந்தப் பைப்புக்குள்ளே வர்ற சூடு 38 வாட். 32 ஆம்பியர் ஓடினா 154 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா? அந்த மாதிரி ஒன்றரை பல்பை சுவருக்குள்ளே புதைச்சு, மேலே சிமென்ட் பூசி, காத்துகூடப் போகாம எரியவிட்டா எப்படி இருக்கும்... அதேதான். சாதாரண பி.வி.சி. வயரோட மேல்தோல் தொடர்ச்சியா 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல போனா உடனே எரியாது. காய்ஞ்சு, விறைச்சு, வருஷக்கணக்குல விரிசல் விடும். அப்புறம் ஒருநாள் ஃபேஸும் நியூட்ரலும் கைகுலுக்கும். மறுநாள் பேப்பர்ல ‘மின்கசிவு காரணமாகத் தீ விபத்து’!

சொல்லப்போனா இது புதுத் தப்பே இல்லை. தாத்தா வீட்டுல வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் பார்த்திருப்பீங்க. அடிக்கடி ஃப்யூஸ் போகுதுன்னு, ஒரு இழை கம்பி போட வேண்டிய இடத்துல நாலு இழையை முறுக்கிப் போட்டு, “இனிமே போவியா?”னு கேட்டாங்களே... அதோட லேட்டஸ்ட் வெர்ஷன்தான் 16-ஐத் தூக்கிட்டு 32 போடுறது.

ஒரு ட்ரிப்பருக்கு ரெண்டு மூளை

எம்.சி.பி-க்குள்ளே ரெண்டு ஆசாமி உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் பொறுமைசாலி. ரெண்டு உலோகத்தை ஒட்டின ஒரு பட்டை. ஓவர்லோடு ஆனா அது மெதுவா சூடாகி, வளைஞ்சு, லிவரைத் தட்டிவிடும். இன்னொருத்தர் கோபக்காரர். ஒரு காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட்ல நூத்துக்கணக்கான ஆம்பியர் பாய்ஞ்சா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளே கட் பண்ணிடும்.

அந்தப் பொறுமைசாலி எவ்வளவு பொறுமைன்னா... 16 ஆம்பியர் எம்.சி.பி. 16-ஐத் தாண்டின உடனே விழுந்துடும்னுதானே நினைக்கிறீங்க? இல்லை. வீட்டு எம்.சி.பி-க்கான விதிப்படி, 1.13 மடங்கு கரன்ட்ல ஒரு மணி நேரம் வரைக்கும் அது விழவே கூடாது. 1.45 மடங்குல ஒரு மணி நேரத்துக்குள்ளே விழுந்தாகணும். அதாவது 23 ஆம்பியர் ஓடினாகூட சில நேரம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் சும்மா பார்த்துட்டிருக்கும். இப்போ அந்த 32 ஆம்பியர் கதைக்குத் திரும்பி வாங்க. 36 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரம் அசையாது. 2.5 ஸ்கொயர் வயர் தாங்குறதோ சுமார் 20 ஆம்பியர். காவல்காரன் இருக்கான், ஆனா தூங்கிட்டிருக்கான்!

எம்.சி.பி. முகத்துல ‘சி 16’, ‘பி 10’னு எழுதியிருக்கும். அந்த எழுத்து கோபக்காரரோட குணம். ‘பி’ன்னா 3-ல இருந்து 5 மடங்கு கரன்ட்லயே பாய்வார். ‘சி’ன்னா 5-ல இருந்து 10 மடங்கு வரைக்கும் பொறுப்பார். மோட்டாரும் ஏ.சி. கம்ப்ரஸரும் கிளம்பும்போது ஒரு நொடி பல மடங்கு கரன்ட் இழுக்கும். அதுங்களுக்கு ‘சி’ போடலைன்னா ஸ்விட்ச் போடும்போதெல்லாம் விழும். கீசர் மாதிரி வெறும் சூடேத்துற அயிட்டத்துக்கு ‘பி’ போதும். கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதையே வாங்கிட்டு வராம, கேட்டு வாங்குங்க.

ட்ரிப் ஆகுற விதத்துலயே வியாதி என்னனு கண்டுபிடிச்சுடலாம், தெரியுமா? தூக்கின உடனே ‘படார்’னு விழுந்தா ஷார்ட். பத்து, இருபது நிமிஷம் நல்லா ஓடிட்டு விழுந்தா ஓவர்லோடு. எம்.சி.பி. எல்லாம் நின்னுட்டிருக்க, பக்கத்துல டெஸ்ட் பட்டனோட இருக்கிற அகலமான பெட்டி மட்டும் விழுந்தா லீக்கேஜ். அந்தப் பெட்டி பத்தித் தனியா பேசணும், கொஞ்சம் பொறுங்க.

காலை ஏழு மணி

நம்ம ஊர் வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். எந்தச் சாமானோட வாட்டையும் 230-ஆல வகுத்தா ஆம்பியர் கிடைச்சுடும். மோட்டார் அயிட்டங்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடும், ஆனா பிளான் போட இந்தக் கணக்கு போதும். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3. எல்.இ.டி. பல்பு 9 வாட், அதெல்லாம் கொசு! பத்து பல்பு போட்டாலும் அரை ஆம்பியர்கூட வராது.

ஒரு சாதாரண ரெண்டு பெட்ரூம் வீட்டை எடுத்துக்கோங்க. ஏ.சி. ரெண்டு, கீசர் ரெண்டு, இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், மிக்ஸி, கெட்டில், வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார், அயர்ன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ், லைட், ஃபேன்... எல்லாத்தோட வாட்டையும் கூட்டினா 17,000 வாட்டைத் தாண்டும். 75 ஆம்பியர்! பயந்துடாதீங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட நம்ம வீட்டு ஆளுங்களுக்குக் கை பத்தாது.

நிஜமான கேள்வி, ஒரே நேரத்துல எது எதெல்லாம் ஓடும்ங்கறதுதான். ஏ.சி. ஓடுற ராத்திரிதான் பீக்னு பலரும் நினைக்கிறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு ஒன்றரை டன் ஏ.சி. 3,200 வாட், ஃபேன், லைட் 400, ஃப்ரிட்ஜ் 200... மொத்தம் 3,800. 16.5 ஆம்பியர்தான். இப்போ காலை ஏழு மணிக்கு வாங்க. தங்கச்சி குளிக்கிறா, கீசர் 2,000. கிச்சன்ல இண்டக்‌ஷன் 2,000, சட்னிக்கு மிக்ஸி 750. அப்பா சட்டைக்கு அயர்ன் பாக்ஸ் 1,000. மாடி டேங்க் காலி, மோட்டார் 1,000. லைட், ஃபேன் 400, ஃப்ரிட்ஜ் 200. கூட்டுங்க... 7,350 வாட். 32 ஆம்பியர்! ஸ்கூல், ஆபீஸ் கிளம்புற அந்த ஒரு மணி நேரம்தான் நம்ம வீட்டு வயரிங்குக்கு செமஸ்டர் எக்ஸாம்.

அப்போ மெயினுக்கு 32 போட்டா வாசல்படியில நிக்கிற மாதிரி. மீட்டர்ல இருந்து டி.பி-க்கு 6 ஸ்கொயர் வயர் இழுத்துட்டு மெயின்ல 40 போடுறது அதே பழைய தப்பு. 40 வேணும்னா 10 ஸ்கொயர் இழுக்கணும். இல்லைன்னா ஈ.பி-யில மூணு ஃபேஸ் கேட்டு வாங்கணும். டைல்ஸ் செலக்ட் பண்ற நேரத்துல இந்த முடிவை எடுத்துட்டா செலவு கம்மி. கிரகப்பிரவேசம் முடிஞ்சு எடுத்தா சுவரைக் கொத்தணும்.

உள்ளே போற வயருக்கு வருவோம். லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர், அதுக்கு 6 இல்லை 10 ஆம்பியர் எம்.சி.பி. பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர். ஏ.சி-க்கு 4 ஸ்கொயர், 20 ஆம்பியர். இந்த ஜோடியைப் பிரிக்காதீங்க. வயரைப் பெருசாக்கி எம்.சி.பி-யைச் சின்னதா வெச்சா ஒண்ணும் ஆகாது. காசுதான் கொஞ்சம் கூடும். தலைகீழா ஆச்சுன்னாதான் ஆபத்து. கம்பெனி கேட்லாக்ல 2.5-க்கு இன்னும் ரெண்டு, மூணு ஆம்பியர் கூட எழுதியிருக்கும். அது ஒரு பைப்புல ஒரு ஜோடி வயர் மட்டும் போகும்போது. நம்ம ஆளுங்க ஒரே பைப்புல எட்டு வயரைத் திணிப்பாங்க. அந்தப் பைப்பு காங்கிரீட் கூரைக்குள்ளே போகும். மேலே சித்திரை வெயில் கொளுத்தும். அதனால கேட்லாக் நம்பரை நம்பிக் கடைசி ஆம்பியர் வரைக்கும் கசக்காதீங்க. பழைய எலெக்ட்ரீஷியன்கள் ‘7/20 போட்டுக்கலாம்’பாங்க. முழிக்காதீங்க. 20-ம் நம்பர் கேஜ் கம்பி ஏழு இழைன்னு அர்த்தம், 4 ஸ்கொயரைவிடக் கொஞ்சம் தடிமன்.

அடுத்தது எத்தனை சர்க்யூட். இங்கேதான் ஒரு சிக்கல். நம்ம ஊர்ல பெரும்பாலும் வயரிங் கூலி ‘பாயின்ட்’ கணக்கு. ஒரு லைட்டுக்கு இவ்வளவு, ஒரு பிளக்குக்கு இவ்வளவு. எந்த பாயின்ட் எந்த எம்.சி.பி-யில சேரணும்னு யோசிக்கிறதுக்கு யாரும் அவருக்குக் காசு தர்றதில்லை. டி.பி-யில இருந்து தனியா ஒரு ரன் இழுக்கிறதைவிட, பக்கத்து போர்டுல இருந்து ‘லூப்’ எடுக்கிறது ஈஸி. ரெண்டுக்கும் ஒரே கூலி. அவர் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க? அதனாலதான் கிச்சன் பிளக், பாத்ரூம் கீசர், பெட்ரூம் அயர்ன் பாயின்ட் எல்லாம் ஒரே வயர்ல தொங்குது. அண்ணன் மேல தப்பு சொல்லிப் புண்ணியமில்லை. ‘எனக்கு இத்தனை தனி ரன் வேணும், அதுக்கான கூலி தனியா தர்றேன்’னு முன்னாடியே பேசுங்க. முகம் சுளிக்க மாட்டார்.

தனி ரன் எதுக்கெல்லாம்? ஒவ்வொரு ஏ.சி-க்கும், ஒவ்வொரு கீசருக்கும், மோட்டாருக்கும், வாஷிங் மெஷினுக்கும் கண்டிப்பா. கிச்சனுக்கு ரெண்டு. ஏன்னா இண்டக்‌ஷன், மிக்ஸி, கெட்டில் மூணும் சேர்ந்தா 4,250 வாட், 18.5 ஆம்பியர். ஒரு 16-ல அடங்காது. அதுதான் மேலே பார்த்த வீட்டுக் கதை. அந்த வீட்டுக்குத் தேவை 32 ஆம்பியர் இல்லை, இன்னொரு ரன். ஃப்ரிட்ஜுக்கு லோடு கம்மிதான், இருந்தாலும் தனியா கொடுங்க. ஊருக்குப் போன நேரத்துல கிச்சன் சர்க்யூட் விழுந்து, அம்மா ஆட்டிவெச்ச இட்லி மாவு ஃப்ரிட்ஜுக்குள்ளே பொங்கி வழியறதைப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்!

லைட், ஃபேனுக்குப் பாலிடெக்னிக் புத்தகங்கள்ல ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு சர்க்யூட்டுக்கு 10 பாயின்ட், இல்லைன்னா 800 வாட். 60 வாட் பல்பு காலத்துக் கணக்கு அது. இப்போ எல்.இ.டி-யில மொத்த வீட்டு லைட்டும் ஒரே சர்க்யூட்ல அடங்கிடும். ஆனாலும் ரெண்டா பிரிங்க. லோடுக்காக இல்லை, இருட்டுக்காக. ராத்திரி ஒண்ணு விழுந்தா, இன்னொண்ணுல எரியற லைட் வெளிச்சத்துல டி.பி. வரைக்கும் தடுக்கிவிழாம நடந்து போகணுமே!

கார் நிறுத்துற இடத்துக்கு ஒரு காலிப் பைப்பாவது இப்பவே போட்டுவையுங்க. இ.வி. ஸ்கூட்டர் சார்ஜருக்குச் சாதா பிளக் போதும். கார் சார்ஜர் 7.4 கிலோவாட்னா 32 ஆம்பியர்... மணிக்கணக்கா! இன்னைக்கு அப்பா ‘கார் எதுக்குடா’ம்பார். பைப் விலை சில நூறு ரூபாய்தான், போட்டுட்டுப் பேசாம இருங்க.

உங்களைக் காப்பாத்துறது வேற ஆள்

எம்.சி.பி. வயரோட காவல்காரன்னு பார்த்தோம். அப்போ நமக்கு? ஈரக்கையோட ஃபேஸைத் தொட்டா உடம்பு வழியா ஓடுற கரன்ட், ரெசிஸ்டன்ஸ் 1,500 ஓம்னு வெச்சாலும் 150 மில்லி ஆம்பியர். இதயம் தடுமாற அது தாராளம். வீட்டுல இருக்கிறதுலயே சின்ன எம்.சி.பி. 6 ஆம்பியர்... அதாவது 6,000 மில்லி ஆம்பியர். நீங்க துடிச்சுட்டிருக்கிறது அதுக்கு ஒரு லோடாவே தெரியாது. ஏதோ ரெண்டு பல்பு எரியுதுன்னு நினைச்சுக்கும்.

“அதான் எர்த் இருக்கே”ம்பீங்க. இருக்கு. கீசர் பாடியில ஃபேஸ் பட்டுடுச்சுன்னா எர்த் வழியா பெரிய கரன்ட் ஓடி, எம்.சி.பி. விழணும். அதுதான் ஐடியா. ஆனா, வீட்டுக்குப் பின்னாடி கரியும் உப்பும் போட்டுப் புதைச்ச எர்த் குழி, நாலு வருஷமா தண்ணியே பார்க்காம காய்ஞ்சு கிடந்தா? அதோட ரெசிஸ்டன்ஸ் 20 ஓம்னு வெச்சுக்கோங்க. 230-ஐ 20-ஆல வகுத்தா 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுமா? விழாது! கீசர் பாடி கரன்ட்டோடயே நிக்கும். அடுத்து குளிக்கப் போறவர்தான் பாவம்.

இதுக்குத்தான் அந்த அகலமான பெட்டி, ஆர்.சி.சி.பி. கடையில இன்னமும் ‘ஈ.எல்.சி.பி.’னுதான் கேட்பாங்க. அது பண்றது ரொம்ப சிம்பிள். நாம ஐ.வி. போறப்ப ஹெச்.ஓ.டி. பஸ் வாசல்ல நின்னு தலையை எண்ணுவாரே, அதேதான். ஃபேஸ் வழியா எவ்வளவு போச்சு, நியூட்ரல் வழியா எவ்வளவு திரும்பி வந்துச்சு. அறுபது பேர் போய் ஐம்பத்தொன்பது பேர் வந்தா பஸ் கிளம்பாது. போனதுக்கும் வந்ததுக்கும் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர் ஆகிறதுக்குள்ளே, ‘யாரோ வழியில இறங்கிட்டான்’னு மொத்தத்தையும் கட் பண்ணிடும். வழியில இறங்கின கரன்ட் உங்க உடம்பு வழியா பூமிக்குப் போயிட்டிருக்கலாம். ஒரு நொடியில மூணுல ஒரு பங்குகூட ஆகாது, வேலை முடிஞ்சுடும்.

வாங்கும்போது ரெண்டு நம்பர் பாருங்க. பெருசா எழுதின 40 ஆம்பியர், அந்தப் பெட்டி தாங்குற கரன்ட் மட்டும்தான். ஓவர்லோடுக்கு அது விழாது. அதனால எம்.சி.பி-யும் இருந்தே ஆகணும். சின்னதா எழுதின 30 மில்லி ஆம்பியர்தான் உயிர். 100, 300-னும் விக்கிறாங்க. அது தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காப்பாத்த இல்லை. விலை ஏறக்குறைய ரெண்டாயிரம் ரூபாய். வாசல் கேட்டுல போடுற ஸ்டீல் டிசைனைவிடக் கம்மி.

இவ்வளவு நல்ல பெட்டியைப் பல வீடுகள்ல கழட்டி ஓரமா வெச்சிருக்காங்க, தெரியுமா? காரணம் இன்வெர்ட்டர். வீடு கட்டி ரெண்டு வருஷம் கழிச்சு இன்வெர்ட்டர் வாங்குவாங்க. ஃபேஸை மட்டும் தனியா பிரிச்சு, நியூட்ரலை எல்லாத்தோடயும் சேர்த்துக் கட்டிடுவாங்க. ஒரு வழியா போன கரன்ட் இன்னொரு வழியா திரும்பினா தலை எண்ணிக்கை எப்படிச் சரியா வரும்? ஆர்.சி.சி.பி. விழுந்துட்டே இருக்கும். ‘இது கம்ப்ளெயின்ட் பீஸு’னு பைபாஸ் பண்ணிடுவாங்க. ஹெச்.ஓ.டி. கரெக்டா எண்ணினதுக்கு அவரையே டிரான்ஸ்ஃபர் பண்ணின மாதிரி! இன்வெர்ட்டர் இன்னைக்கே வாங்காட்டியும் பரவாயில்லை. எந்த லைட், எந்த ஃபேன் அதுல ஓடணும்னு இப்பவே முடிவு பண்ணி, அந்த சர்க்யூட்டுக்கு ஃபேஸும் நியூட்ரலும் தனியா இழுக்கச் சொல்லுங்க. கறுப்பு வயர் ஒரு காயில் கூட செலவாகும், அவ்வளவுதான்.

மூணு ஃபேஸ் வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஏ.சி. ரெண்டையும் கீசர் ரெண்டையும் ஒரே ஃபேஸ்ல மாட்டிட்டு, மத்த ரெண்டுல பல்பு எரியவிட்டா மூணு ஃபேஸ் வாங்கினதே வேஸ்ட். பிரிச்சுப் போடுங்க. அப்புறம், நியூட்ரல்ல மட்டும் தனியா ஃப்யூஸோ, ஒத்தை எம்.சி.பி-யோ போடவிடாதீங்க. ஃபேஸ் எல்லாம் இருந்து நியூட்ரல் மட்டும் கட் ஆச்சுன்னா, 230 வோல்ட்ல ஓட வேண்டிய டி.வி-க்கு 400 வரைக்கும் கிடைக்கலாம். ஒரே நிமிஷத்துல வீட்டுல பாதி சாமான் காலி. மெயின் கட் ஆனா நாலு கம்பியும் சேர்ந்து கட் ஆகுற நாலு போல் மெயின் கேளுங்க.

வீடு கட்டலை, ரூம்ல நாலு பேரா தங்கிப் படிக்கிறோம்ங்கறீங்களா? இன்னைக்கு ராத்திரியே டி.பி-யைத் திறந்து பாருங்க. பிளக்குக்குப் போற எம்.சி.பி-யில 32-னு எழுதியிருந்தா, அந்த ஒத்தை பிளக்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி இண்டக்‌ஷன், அயர்ன் பாக்ஸ், கெட்டில் மூணையும் சேர்த்துப் போடுறதை நிறுத்துங்க. அந்த எக்ஸ்டென்ஷன் வயர் உங்க வயரைவிட ஒல்லி. ஆர்.சி.சி.பி. இல்லைன்னா, பக்கெட்ல ஹீட்டர் ராடு போட்டுட்டுத் தண்ணி சூடாச்சானு விரல் விட்டுப் பார்க்கிற வீர விளையாட்டு வேண்டவே வேண்டாம். ஸ்விட்சை ஆஃப் பண்ணி, பிளக்கை உருவிட்டு அப்புறம் தொடுங்க. மூணு பின் பிளக்ல பெரிய பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின் ஓட்டையில சொருகுற புத்திசாலிகளே... அது நீளமா, தடிமனா இருக்கிறதே மத்த ரெண்டுக்கும் முன்னாடி எர்த் போய்ச் சேரணும்னுதான்.

ஊர்ல வீடு கட்டுறவங்க, பூச்சு வேலைக்கு முதல் நாள் போன் எடுத்துட்டு ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்க. பக்கத்துல டேப்பை விரிச்சுப் பிடிச்சு, பைப் தரையில இருந்து எத்தனை அடியில போகுதுன்னு தெரியற மாதிரி. நாளைக்கு ஷெல்ஃப் மாட்ட டிரில் போடுறப்ப அந்த போட்டோ கை கொடுக்கும். வயரிங் முடிஞ்சதும் டி.பி. கதவுக்கு உள்பக்கம் எந்த எம்.சி.பி. எதுக்கு, என்ன சைஸ் வயர்னு தமிழ்லயே எழுதி ஒட்டுங்க. ‘கிச்சன் 1 - 2.5 ஸ்கொயர் - 16-க்கு மேல போடாதே’ன்னு எழுதியிருந்தா, 32-ஐக் கையில வெச்சுட்டு வர்றவரும் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

கடைசியா ஆர்.சி.சி.பி-யில இருக்கிற டெஸ்ட் பட்டன். மாசா மாசம் கரன்ட் இருக்கும்போது ஒரு தடவை அமுக்கணும். ‘டக்’னு விழுந்தா தூக்கிவிட்டுட்டுப் போய் வேலையைப் பாருங்க. விழலைன்னா, அன்னைக்கே எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு போன் போடுங்க.